படிக்கட்டில் ஒரு நிறுத்தம்

குரு என்றால் தாடி இருக்கும், சீடன் என்றால் மீசைகூட முளைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் வந்தீர்கள் என்றால் வாசலிலேயே இடித்துக்கொள்வீர்கள். இங்கே சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, தலை முழுக்க நரை. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. போதாக்குறைக்கு அந்தக் குரு சின்ன வயதில் இந்தச் சீடரிடமே கணக்குப் படித்து, காதில் திருகு வாங்கியவள்.

சீடர் கஸ்பார் மோத்தா. தூத்துக்குடியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு லொரேட்டா. நர்ஸ். அயர்லாந்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, தாயாரைக் கவனித்துக்கொள்ள ஊர் திரும்பியவள். வரும்போது ஒரு கான்செர்டினாவையும் கூடவே கொண்டுவந்தாள்.

கான்செர்டினாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆறு மூலையுள்ள இரண்டு மரத் தட்டு. நடுவில் மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி. தட்டுகளில் பொத்தான்கள். இழுத்தால் பாடும், அமுக்கினாலும் பாடும். ஆர்மோனியத்துக்குப் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லொரேட்டா அதைச் சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிப்பாள். கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஒரு நாள் கீழே ஆள் நின்றிருந்தது. மோத்தா சார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். டின்னுக்குள் அவருடைய அப்பாவின் கான்செர்டினா.

"இது எங்க அப்பா பெட்டி," என்றார். "எனக்கு வாசிக்கக் கத்துக் குடுக்கணும்."

"எல்லாப் பாட்டுமா சார்?"

"ஒண்ணே ஒண்ணு போதும்."

முதல் நாளே ஒரு தகராறு வந்தது.

"உன்ன நான் எப்படிக் கூப்பிட?" என்றார் மோத்தா சார். "கத்துக்க வந்திருக்கேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா வித்தை வராது."

"எப்பவும் போல லொரேட்டான்னே கூப்பிடுங்க சார்."

"அது ரோட்டுல. பெட்டி மடியில இருக்கும்போது நீங்க டீச்சர்."

அன்றிலிருந்து பெட்டியைத் திறந்தால் 'நீங்க', மூடினால் 'நீ'. மனுசன் அதில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

லொரேட்டா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துருத்தியின் ஒரு மடிப்பில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது. காதருகே வைத்து மெல்ல அமுக்கினாள்.

"இந்த ஒட்டு யார் போட்டது?"

"அப்பாதான். எனக்கு விவரம் தெரியறதுக்கு முந்தியே அது இருக்கு. மாத்திரலாமா?"

"வேண்டாம் சார். கப்புனு புடிச்சிருக்கு. ஒரு பொட்டுக் காத்து வெளிய போகல."

உள்ளே தூசியைத் தட்டி, ஒட்டிக்கிடந்த, சுரம் எழுப்பும் இரண்டு பித்தளை நாக்குகளை விடுவித்தாள். அவ்வளவுதான் வைத்தியம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. மோத்தா சாரின் அப்பா ரைமுந்து மோத்தா துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கிற வேலையில் இருந்தார். ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரன் ஒரு கட்டுக் கருவாட்டை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டுப் போனானாம். அவனிடமே ஒரு பாட்டையும் கற்றுக்கொண்டார். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, மாடிப்படியில் மேல் படியில் உட்கார்ந்து அந்த ஒரு பாட்டை வாசிப்பார். சட்டையில் உப்பு வாடை அடிக்கும். அடுக்களையில் மீன் பொரியும். அந்த நேரம் வீட்டில் ஒருத்தருக்கும் ஒரு கவலையும் இருக்காது என்று மோத்தா சார் சொல்வார்.

அப்பாவின் குரல் எந்த கேசட்டிலும் இல்லை. அவர் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. மிச்சம் இருப்பது இந்தப் பெட்டியும், மோத்தா சாரின் காதுக்குள் கிடக்கிற அந்தப் பாட்டும்தான்.

"இப்ப எதுக்கு சார் இவ்ளோ அவசரம்?" என்று கேட்டாள் லொரேட்டா.

"அக்கா வாரா."

அக்கா ஃபிலோமின், பம்பாயில் இருப்பவள். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துவிட்டு, கொடி இறங்கியதும் மகளோடு கனடாவுக்குப் போகிறாள். இனி இந்த வயதில் திரும்பி வருவாளா என்பது அவளுக்கே தெரியாது.

"அவளுக்குப் பாக்கக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார். "கேக்கவாவது குடுக்கணும். அப்பாவ ஒரு தடவ அவ காதுல போட்டு அனுப்பணும் டீச்சர்."

லொரேட்டா அதற்குப் பிறகு ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

பாடம் ஆரம்பித்தது. ஒரு பொத்தானை அமுக்கி இழுத்தால் ஒரு சுரம், அதே பொத்தானை அமுக்கித் தள்ளினால் வேறு சுரம். கணக்கு வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு கேள்விக்கு ரெண்டு விடையா? இதுல எது சரி?"

"மூச்ச இழுக்கது சரியா, விடுதது சரியா சார்?"

மோத்தா சார் தன் மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியை இழுத்தார், தள்ளினார்.

இன்னொரு நாள் கேட்டார்: "தப்பா வாசிச்சுட்டா என்ன பண்ணணும்?"

"அடுத்தத வாசிக்கணும்."

"திருத்த வேண்டாமா?"

"என்கிட்ட சிவப்பு மை கிடையாது சார்."

அவருக்கு அது சமாதானமாகவே இல்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர் விடைத்தாளைத் திருத்தியவர். ஒரு சுரம் பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். வாசிக்கும்போது வாய் ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பாட்டு நொண்டி நொண்டி நடக்கும்.

லொரேட்டா ஒரு நாள் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். மக்ரூன். எங்கள் ஊர் மக்ரூனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்தது, வாயில் போட்டால் தானாகக் கரையும்.

"வாயத் திறங்க."

"சுகர் இருக்கு எனக்கு."

"நான் நர்ஸ்தான, ஒண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. மெல்லக் கூடாது, அது கரையறவரைக்கும் வாசிங்க."

வாயில் மக்ரூன் இருக்கும்போது எப்படி எண்ணுவது? மோத்தா சார் எண்ணாமல் வாசித்தார். பாட்டு முதன்முதலாக நொண்டாமல் நடந்தது. இரண்டு இடத்தில் தப்பு வந்தது, அவர் நிற்கவில்லை. முடிந்ததும் உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தார், ரிட்டயர் ஆன பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"டீச்சர், நாளைக்கும் மக்ரூன் உண்டா?"

"இனிமே தேவப்படாது சார்."

அதற்கப்புறம் அவருக்கே ருசி பிடித்துவிட்டது. காலையில் பால் காயும்போது வாசிப்பார். கரண்ட் போனால் வாசிப்பார். எதிர்வீட்டு ஜோசப் ஆட்டோவை நிறுத்திக் கேட்டுவிட்டு, "சார், காது குளிர்ந்துபோச்சு," என்று கிண்டலா பாராட்டா என்று தெரியாத ஒரு முகத்தோடு போவான். மோத்தா சார் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பிறகு அப்பா பாட்டுக்கு வந்தார்கள்.

"முணுமுணுத்துக் காட்டுங்க," என்றாள் லொரேட்டா.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். பாட்டு பாதி தூரம் போனது. ஓரிடத்தில் சட்டென்று நின்றார். காற்றை இழுத்தார். சும்மா இருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"இன்னொரு தடவ."

மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

"இங்க ஏன் நிக்கீங்க சார்?"

மோத்தா சாருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "அப்பா சங்கீதம் படிச்சவரில்ல. அந்த இடத்துல பெட்டிக்குக் காத்து தீந்துபோகும், நிப்பாட்டிப் புடிப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் அதே பழக்கம். அத நான் சரி பண்ணிருதேன். முன்னாடியே ரெண்டு இடத்துல சேத்து இழுத்துட்டா அங்க நிக்கவே வேண்டாம்."

லொரேட்டா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "உங்க அப்பா பாட்டு சார்," என்று மட்டும் சொன்னாள்.

அவர் சரி பண்ணினார். வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி, முதலிலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக அந்தப் பாட்டை வாசித்துவிட்டார். அப்பா இருந்து கேட்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பார் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அக்கா வந்தாள். பிறந்து வளர்ந்த அதே வீடு. படி, சுவர், கதவு எல்லாவற்றையும் கையால் தடவித் தடவி விசாரித்தாள். பெட்டியை மடியில் வைத்ததும் விரல் நேரே அந்த டியூப் துண்டுக்குப் போனது.

"இந்தா இருக்கு ஒட்டு," என்றாள். "சைக்கிள் கடையில நான்தான்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

மோத்தா சார் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார். ஒரு தப்பு இல்லை. அக்கா தலையைச் சாய்த்து, சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். முடிந்தது.

"நல்லாத்தான் வாசிக்க," என்றாள். "சரி, அப்பா பாட்டு எப்ப வாசிப்ப?"

மோத்தா சாரின் விரல்கள் இன்னும் பொத்தான்கள்மேலேயே இருந்தன.

"இதுதான்க்கா அப்பா பாட்டு."

"இதா?"

அக்கா யோசித்தாள். தம்பியின் முகம் தெரியாவிட்டாலும் அவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கும், இருக்கும். எனக்குத்தான் வயசாயிட்டு. எல்லாம் மறந்துபோச்சு," என்று அவன் கையைத் தேடித் தட்டிக் கொடுத்தாள்.

அந்தத் தட்டலைத்தான் மோத்தா சாரால் தாங்க முடியவில்லை. இத்தனை மாதம் பாடுபட்டது அக்காவிடம் இப்படி ஒரு பொய் வாங்கவா?

மறுநாள் மத்தியானமே லொரேட்டா வீட்டில் போய் நின்றார். கொடி இறங்க ஒரு நாள்தான் பாக்கி.

"டீச்சர்," என்றார். பெட்டியை இன்னும் டின்னிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. "அவளுக்கு அடையாளம் தெரியல. நான் எங்க தப்பு விட்டேன்?"

லொரேட்டா தன் பெட்டியை எடுத்து, அவர் வாசிக்கிற மாதிரியே அந்தப் பாட்டை முழுசாக வாசித்தாள்.

"சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"எங்கயாவது தப்பு?"

"இல்ல."

"இப்ப அன்னைக்கு முணுமுணுத்தீங்கல்ல, அதே மாதிரி முணுமுணுங்க. திருத்தாதீங்க."

அவர் கண்ணை மூடினார். பாட்டு பாதி போனது, நின்றார், காற்றை இழுத்தார், சும்மா இருந்தார்.

"அப்படியே இருங்க," என்றாள் லொரேட்டா. "அப்பா இப்ப என்ன செய்யுதாரு?"

"பெட்டிக்குக் காத்து புடிக்காரு."

லொரேட்டா தன் பெட்டியில் கட்டை விரலுக்கென்று இருக்கிற காற்றுப் பொத்தானை அமுக்கி, துருத்தியை விரித்துக் காட்டினாள். ஸ் என்று ஒரு சத்தம். விரித்தாகிவிட்டது.

"காத்து புடிச்சாச்சு சார். நீங்க இன்னும் நிக்கீங்களே."

மோத்தா சார் கண்ணைத் திறக்கவில்லை.

"உங்க பெட்டியில ஒட்டு போட்டாச்சு, காத்தும் போகல. அங்க நிக்கவே வேண்டாம். அப்புறமும் அப்பா எதுக்கு நின்னாரு? அவரு எங்க பாக்காரு?"

"கீழ," என்றார் மெதுவாக. "படிக்கட்டுக்குக் கீழ பாப்பாரு."

"கீழ யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அம்மா அடுக்களையில. நான் அவரு பக்கத்துல, மேல் படியில."

"அக்கா?"

"அக்காவ அப்பவே பாளையங்கோட்ட ஹாஸ்டல்ல..."

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. லொரேட்டாவின் தாயார் உள்ளறையிலிருந்து தண்ணீர் கேட்டாள். லொரேட்டா போய்க் கொடுத்துவிட்டு வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார்.

"அதுக்கு முந்தி அக்கா எங்க உக்காருவாங்க சார்?"

"கீழ, கடைசிப் படியில." கண்ணைத் திறந்தார். "அவ இடத்த நான் அடைச்சுட்டேன் டீச்சர். தப்புன்னு நெனச்சு அடைச்சுட்டேன்."

லொரேட்டா செருப்பை மாட்டிக்கொண்டாள். "எந்திரிங்க. அக்கா கோயிலுக்குக் கெளம்புறதுக்கு முந்தி போயிருவோம்."

வழியில் அவர் கேட்டார்: "அந்த இடத்துல நான் என்ன வாசிக்க?"

"ஒண்ணும் வாசிக்காதீங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் மோத்தா சார் கூடத்தில் உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். மேல் படியில் அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். கீழே அக்கா கோயிலுக்குப் போக வெள்ளைச் சேலை கட்டி, ஜெபமாலையும் கையுமாக நின்றிருந்தாள்.

"ஏல கஸ்பார், அங்க எங்க போற?"

"கொஞ்சம் உக்காருக்கா."

லொரேட்டா அவளைக் கைப்பிடித்துக் கடைசிப் படியில் உட்கார வைத்துவிட்டு, பாதிப் படியில் போய் ஒதுங்கி நின்றாள். உட்கார்ந்த பிறகு அக்காவின் கை தானாகவே பக்கத்துச் சுவரில் போய் ஊன்றிக்கொண்டது.

மோத்தா சார் வாசித்தார். ஒரு சுரம் பிசகியது, அடுத்ததை வாசித்தார். பாட்டு பாதி தூரம் போனது. நிறுத்தினார். காற்றுப் பொத்தானை அமுக்கித் துருத்தியை விரித்தார். ஸ் என்றது பெட்டி. அப்படியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதா கோயில் பக்கத்திலிருந்து மைக் சத்தம் வந்தது. அடுக்களையில் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. மோத்தா சார் காத்திருந்தார். வாழ்க்கையில் எந்தப் பிள்ளையின் பதிலுக்கும் அவர் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

அக்காவின் கை சுவரை இரண்டு தடவை தட்டியது.

"போலாம், ரைட்," என்றாள்.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள், சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது.

"படிக்கட்டுதான் பஸ்ஸு," என்று லொரேட்டா இருந்த பக்கம் திரும்பிச் சொன்னாள். "அப்பா டிரைவர். நான் கண்டக்டர். பெட்டியில கிழிசல் இருந்துதா, அந்த இடத்துல காத்து தீந்து நின்னுபோகும். ஸ்டாப்பிங் வந்துட்டுன்னு சொல்லுவேன். நான் சொவர தட்டி ரைட் குடுத்தாத்தான் எடுப்பாரு. கிழிசல ஒட்டுனதுக்கு அப்புறமும் எனக்காண்டி நிப்பாட்டுவாரு. இவன் பாசஞ்சர், ஏறுன உடனே தூங்கிருவான். இவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது."

பிறகு மேலே பார்த்துக் கேட்டாள்: "நான் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் யாருல ரைட் குடுத்தா?"

"யாரும் குடுக்கல," என்றார் மோத்தா சார்.

"பெறகு?"

"தெனமும் நிப்பாட்டுவாருக்கா. கீழ பாப்பாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, அப்புறம் அவராவே எடுப்பாரு."

அக்கா ஜெபமாலையை மடியில் வைத்தாள். சுவரில் ஊன்றிய கையை எடுக்காமல், அந்தக் கையின்மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்பது மேல் படியில் இருந்தவருக்கு முதுகைப் பார்த்தே தெரிந்தது.

மோத்தா சாருக்கு விரல் வைக்கிற இடம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. துருத்தி முழுக்க விரிந்து, உள்ளே காற்றோடு மடியில் கிடந்தது. கண்ணீர் பார்வையை மறைத்தது. இத்தனை மாதம் வாசித்த பாட்டில் அடுத்த சுரம் எது என்றே தெரியாமல், படிக்கட்டின் பாதியில் நின்ற குருவைப் பார்த்தார்.

"டீச்சர்," என்றார். "இப்ப எந்தப் பொத்தான்?"

"கண்டக்டர் சொல்லியாச்சுல்ல சார்," என்றாள் லொரேட்டா. "வண்டிய எடுங்க."